உங்களைப் போல் யார் உண்டு

வீட்டு நாய்க்கோ பூனைக்கோ உடம்பு முடியாமல் போகும்போது நீங்கள் செய்வதை, பெற்ற தாய் தகப்பனுக்குக்கூட எல்லாரும் செய்துவிடுவதில்லை. கால்நடை மருத்துவனாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது கிலோ லாப்ரடாரைப் போர்வையில் கிடத்தி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்குகிறீர்கள். அப்பா கைலியோடு, அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, காலையில் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை நாயின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு. நாய் என்றதும் ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினாலும் யாராவது ஒருவரைக் கெஞ்சிப் பிடித்துவிடுகிறீர்கள். வந்து சேர்ந்ததும், எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால், பிழைச்சுக்குமா என்று கேட்கிறீர்கள்.

கூடவே இன்னொன்றும் சொல்வீர்கள். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் டாக்டர்.” அது பொய்யில்லை. நேற்று வரை அவன் வாலாட்டினான், வாசல் மணிக்குக் குரைத்தான், தட்டைத் துடைத்து வைத்தான். கண்ணுக்குத் தெரிந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்கிறீர்கள்.

மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் சொட்ட, தூக்கிவரப்படும் நாய்கள் எங்கள் ஊர்ப் பக்கம் அடிக்கடி வரும். பெரும்பாலும் உண்ணியால் வந்த வினை. பழுப்பு நிற நாய் உண்ணி நம் தட்பவெப்பத்தில் வருடம் முழுக்கப் பிழைத்துக் கிடக்கிறது. அது பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் கரைக்கிறது. 1960களில் வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க ராணுவ நாய்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததும் இதனால்தான். தட்டணு அடிமட்டத்துக்குப் போன நாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்ன மறு நிமிடம் உங்கள் கைபேசி வேலையைத் தொடங்கிவிடும். எத்தனை வாட்ஸ்ஆப் குழுக்கள், எத்தனை தெரியாத எண்கள்! முன்பின் பார்த்திராத ஒரு ஜெர்மன் ஷெப்பர்டின் சொந்தக்காரர் விடியற்காலையில் தன் நாயை அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். கிடைக்காதவர்கள், 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேப்பேரியில் ரத்த வங்கி இருப்பதைத் தெரிந்துகொண்டு, விழுப்புரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வாடகைக் காரில் புறப்படுகிறார்கள். வாயில்லா ஜீவனுக்காக இத்தனை மனிதர்களை ஒரே ராத்திரியில் திரட்ட உங்களால் மட்டுமே முடியும்.

அந்தக் கிருமி உடம்புக்குள் புகுந்தது அந்த ராத்திரி அல்ல. உண்ணி கடித்து ஓரிரு வாரங்களில் கொஞ்சம் காய்ச்சல், இரண்டு மூன்று நாள் சோர்வு. “வெயில் ஒத்துக்கலை” என்று தயிர்ச் சாதம் வைத்தீர்கள், அதுவும் எழுந்துவிட்டது. அதன் பிறகு கிருமி மண்ணீரலில் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், சத்தமில்லாமல் இருந்தது. நாய் தின்றது, ஓடியது, பந்து எடுத்துவந்தது. தட்டணு எண்ணிக்கை மட்டும் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. அதைக் கண்டுபிடிக்கச் சில சொட்டு ரத்தம் போதும்: ஒரு எண்ணிக்கை, ஒரு கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது, சந்தேகம் வந்தால் ஒரு எதிர்ப்புப் பொருள் சோதனை. மருந்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். அந்தக் கட்டம் தாண்டி எலும்பு மஜ்ஜையே வற்றிப்போன நாய்க்குப் பத்து நாய்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தாலும் பல நேரம் அது தங்குவதில்லை. ஒரே இரவில் அத்தனை பாட்டில் ரத்தம் தேடிக் கொண்டுவந்த உங்களிடம், எட்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அந்தச் சில சொட்டைத் தரமாட்டீர்களா என்ன.

நாட்டு நாய் வளர்ப்பவர்களின் நம்பிக்கை இன்னும் பெரியது. “நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது சார், இரும்பு உடம்பு.” தெருவிலிருந்து தூக்கிவந்து, பெயர் வைத்து, தன் பாயில் படுக்கவைத்தவர்கள் சொல்வது இது. அந்த உடம்பின் மேல் அவர்களுக்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. உண்ணிக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியாது.

பூனைக்காரர்களின் பொறுமை தனி. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களாக இருந்தவர்கள்தான். துணிக்கொடியில் பாட்டிலைக் கட்டி, பூனையைத் துண்டில் சுற்றி, பிடரித் தோலைத் தூக்கி ஊசியை இறக்கி, நூறு மில்லி போய்ச் சேரும்வரை அதன் காதோரம் பேசிக்கொண்டே இருப்பார்கள். சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கி விரல் நுனியில் எடுத்து ஊட்டுவார்கள். இரண்டு நாள் வெளியூர் கல்யாணத்துக்குப் போவதில்லை. போனால் யார் ஊசி போடுவது? ஒரு பெண், தன் பூனை வாந்தி எடுத்த நேரங்களை நோட்டுப் புத்தகத்தில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். எங்கள் மருத்துவமனைக் குறிப்பைவிட அது ஒழுங்காக இருந்தது.

அந்த நோட்டு தொடங்கிய தேதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நோய் முற்றிய வாரத்தில் தொடங்கியிருந்தது.

நம் வீட்டுப் பூனையின் மூதாதை வடஆப்பிரிக்கா, மேற்காசிய வறண்ட நிலங்களின் காட்டுப்பூனை. குறைவாகக் குடித்து, சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றுவது அதற்குப் பிறவியிலேயே வந்த திறமை. சிறுநீரகம் தேயத் தொடங்கினால் முதலில் குறைவது அந்தத் திறமைதான். மண் தட்டில் கட்டிகள் பெரிதாகும், குளியலறை வாளியில் எட்டி எட்டி நீர் குடிக்கும். அதையும் நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். “இப்பல்லாம் சமத்தா நிறையத் தண்ணி குடிக்கிறா” என்று சந்தோஷப்பட்டு அதற்கென்று தனிக் கிண்ணமும் வாங்கி வைத்தீர்கள். எத்தனை வீட்டில் பூனை குடிக்கும் தண்ணீரை இவ்வளவு பார்க்கிறார்கள்? பார்த்த அன்று ஒரு சின்ன டப்பாவில் சிறுநீரைப் பிடித்துத் தந்திருந்தால் அதன் அடர்த்தியைச் சில நிமிடத்தில் அளந்திருப்போம். பூனைக்கு 1.035க்கு மேல் இருக்க வேண்டும்.

கிரியேட்டினின் என்ற எண்ணை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எல்லை தாண்டும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். 2015 முதல் கால்நடை ஆய்வகங்களில் கிடைக்கும் எஸ்.டி.எம்.ஏ. என்ற சோதனை, சராசரியாக நாற்பது சதவீதம் போன நிலையிலேயே ஏறத் தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் காலம்தான் பூனைக்கு நாம் கொடுத்திருக்கக்கூடிய நல்ல காலம். உணவை மாற்றலாம், ரத்த அழுத்தத்தை அடக்கலாம். ஆம், பூனைக்கும் ரத்த அழுத்தம் உண்டு. அது ஏறிக் கிடந்து ஒருநாள் விழித்திரை பிய்ந்துபோனால் பூனைக்கு ஒரே நாளில் பார்வை போய்விடும். பார்வை போன பூனைக்காக மேசை நாற்காலியை நகர்த்தாமல், தட்டை இடம் மாற்றாமல், வீட்டையே அதற்குப் பழக்கமான வரைபடமாக வைத்துக் காப்பாற்றுகிற குடும்பங்கள் இருக்கின்றன. எனக்கு அவர்கள் மேல் உள்ள மதிப்பைச் சொல்லி முடியாது. காலில் ஒரு சின்னப் பட்டையைச் சுற்றி அந்த அழுத்தத்தை அளந்திருக்கலாம் என்பதை அவர்களிடம் சொல்லவும் முடியாது.

எடையும் அப்படித்தான். நாலு கிலோ பூனை மூன்றரைக்கு இறங்கினால் வீட்டில் யாருக்கும் தெரியாது, ரோமம் மறைத்துவிடும். அறுபது கிலோ மனிதர் ஏழரைக் கிலோ இளைத்தால் தெருவே விசாரிக்கும். சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று வருடம் முன்பே பூனைகளின் எடை இறங்கத் தொடங்குகிறது என்று 2016இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. உங்கள் கைபேசியில் பூனையின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஜன்னலில், அலமாரியில், பிறந்தநாள் தொப்பியோடு, தீபாவளிப் பட்டாசுக்குப் பயந்து கட்டிலடியில். நோய் முற்றிக் கொண்டுவரும்போது அந்தப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள் என்பேன். முதுகெலும்பு எழும்பத் தொடங்கிய மாதத்தை நீங்களே விரல் வைத்துக் காட்டிவிடுகிறீர்கள். அதன் வாழ்க்கை வரலாற்றை இவ்வளவு முழுமையாகத் தொகுத்து வைக்க வேறு யாருக்கும் தோன்றாது.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனை வலியை மறைக்கும். இரைதேடும் விலங்காக இருந்துகொண்டே தானும் இரையாகக்கூடியது என்பதால் பலவீனத்தைக் காட்டாமல் இருப்பது அதற்குக் காவல். ஆனால் முகம் கொஞ்சம் சொல்லும். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019இல் ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். காது வெளிப்பக்கம் திரும்புகிறதா, கண் இடுங்குகிறதா, மூக்கும் வாயும் இறுகுகிறதா, மீசை நீட்டி நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவது. தினமும் அந்த முகத்தைக் கொஞ்சிக்கொண்டிருப்பவருக்குப் பத்து நிமிடத்தில் பழகிவிடும். அந்த முகத்தை உங்களைவிட அதிகம் பார்த்தவர் உலகத்தில் கிடையாது.

இனி ஊட்டுகிற கை. இந்தக் கையைப் பாராட்டாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. தான் சாப்பிடும் தட்டிலிருந்து முதல் உருண்டையை நாய்க்கு உருட்டி வைக்கிற பாட்டிகள், காலை நடையில் பையில் பிஸ்கட் இல்லாமல் போகாத தாத்தாக்கள், ஞாயிறு கோழிக்கறியில் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து ஒதுக்குகிற மருமகள்கள். எங்கள் எடை மேடையில் நாற்பத்தைந்து கிலோ லாப்ரடார் ஏறி நிற்கும்போது நான் பார்ப்பது அந்த வீட்டின் தாராள மனதைத்தான். 2002இல் வெளியான ஒரு நீண்ட ஆய்வில், ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, 48 நாய்களை 14 வருடம் கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குக் கொடுத்ததைவிட இன்னொன்றுக்குக் கால்பங்கு குறைவாகவே கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன; மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஒவ்வொரு உருண்டையையும் ஆசையாகத்தான் கொடுத்தீர்கள். மடக்கிய கையின் முட்டிகளைத் தடவிப் பார்ப்பதுபோல் விலா எலும்புகள் விரலுக்குத் துருத்தினால் இளைத்திருக்கிறது. திறந்த உள்ளங்கையைத் தடவுவதுபோல் ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் கொழுத்திருக்கிறது. நீட்டிய புறங்கையைத் தடவுவதுபோல் இருந்தால் சரி. தினமும் தடவுகிற கைதான், ஒருமுறை விரலை அழுத்திப் பார்க்கலாம்.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்யச் சொன்னால் “பாவம் டாக்டர், அதுமேல கத்தி வைக்கணுமா?” என்று கண் கலங்கும் இளகிய மனதையும் தெரியும். அதே நாயின் அடிவயிற்றில் மடிக்காம்பை ஒட்டி ஒரு கட்டியைத் தடவிக் காட்டி, “இது ரொம்ப நாளா இருக்கு, வலிக்கல, அதனால விட்டுட்டோம்” என்பதும் அவர்கள்தான். வலிக்காத கட்டிக்கு வைத்தியம் பார்த்துத் துன்பப்படுத்த வேண்டாமே என்ற இரக்கம். நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்று. பூனைகளில் பெரும்பாலானவை புற்று. நாயில் மூன்று செ.மீ.க்குள் இருக்கும்போது எடுத்துவிட்டால் கிடைக்கும் ஆயுள், பெரிதான பிறகு கிடைப்பதில்லை. கருத்தடை செய்யாத நாய்க்குப் பருவம் வந்து சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அப்போது அதே கத்தியை, காய்ச்சலில் துவண்ட உடம்பின் மேல், நடுராத்திரியில் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த ராத்திரியும் நீங்கள் அறுவைக் கூடத்துக்கு வெளியே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சின்ன வெள்ளை நாய்கள், நாம் பொமரேனியன் என்று சொல்கிற அந்த இனங்கள், வயதானால் இருமும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று தேன் தடவுகிறீர்கள், துளசிச் சாறு கொடுக்கிறீர்கள். கைவைத்தியத்தில் உங்கள் அக்கறை குறைந்ததே இல்லை. இருமலுக்குப் பல காரணம் இருக்கலாம். இந்த நாய்களில் ஒரு முக்கியக் காரணம் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து ஒழுகுவது. அந்த ஒழுக்கின் சத்தம், இருமல் தொடங்குவதற்கு வருடங்கள் முன்பே, மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கேட்கும். கேட்டதும் மருந்து என்றில்லை. எக்ஸ்ரே, எக்கோ எடுத்து இதயம் பெரிதாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016இல் வெளியான எபிக் ஆய்வில் 360 நாய்கள் இருந்தன. இதயம் பெரிதாகி, வெளியே எந்த அறிகுறியும் இல்லாத நாய்கள். பைமோபென்டன் மருந்து தொடங்கியவற்றுக்கு இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. பத்து வயது நாய்க்குப் பதினைந்து மாதம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாட்களில் இன்னும் ஒரு வாரம் கிடைக்காதா என்று என் கையைப் பிடித்துக் கேட்டவர்கள் நீங்கள். அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவர்களும் நீங்கள்தான். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் அடுத்த நாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கள் தொழிலையும் இந்தப் பாராட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளினிக் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் நாய் உணரும் முன்பே தோலுக்கடியில் ஊசி இறங்கிவிடும். அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த வருடத் தேதி எழுதி, கையில் கொடுத்து, அடுத்த நோயாளி. ரேபிஸ் ஊசியைத் தவறாமல் போட வைத்ததில் எங்களுக்கும் உங்களுக்கும் நியாயமான பெருமை உண்டு, எத்தனையோ மனித உயிர்களுக்கும் அதுவே காவல். அந்த வேகத்தில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க, அடிவயிற்றைத் தடவ, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க, எடையைப் போன வருட எடையோடு சேர்த்துப் பார்க்க நேரம் இருக்காது. நீங்களும் கேட்டதில்லை. வேலையாயிருக்கும் மனிதரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நாகரிகம் உங்களுக்கு உண்டு.

இதற்காகப் பெரிய பரிசோதனைத் தொகுப்புகளை வாங்கச் சொல்லவில்லை. இரண்டு வயது நாய்க்கு வருடாவருடம் வயிற்று ஸ்கேன் வேண்டியதில்லை. இருபது சோதனைகளைச் சேர்த்து எடுத்தால் நல்ல உடம்பிலும் ஏதாவது ஒரு எண் எல்லை தாண்டி நிற்கும், அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு சோதனை. சின்ன வயதில் வருடம் ஒருமுறை அவசரமில்லாத ஒரு முழுப் பரிசோதனை, மலத்தில் புழு பார்ப்பது, நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலுக்காக ஒரு ரத்த எண்ணிக்கை. ஏழெட்டு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதில் ரத்தமும் சிறுநீரும், பூனைக்கு ரத்த அழுத்தமும், வயதான பூனைக்குத் தைராய்டும். பெரிய இன நாய்களுக்கு இதைக் கொஞ்சம் முன்பே தொடங்கலாம். ஒரு ராத்திரி தீவிர சிகிச்சைக்கு நீங்கள் மறுபேச்சில்லாமல் கட்டுகிற பணத்தில் இதெல்லாம் சிறு பங்கு. எல்லா நோயும் இதில் அகப்படாது. அகப்படுகிறவற்றுக்கு மருந்து மலிவு, காலம் அதிகம்.

பிராணி போன பிறகும் உங்கள் அன்பு நிற்பதில்லை. படத்துக்கு மாலை போடுகிறீர்கள், அதன் பெயரில் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறீர்கள். கொஞ்ச நாளில் இனி வேண்டவே வேண்டாம் என்றிருந்த வீட்டுக்குள் பிள்ளை ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். மூன்றாம் நாள் அதைத் துணிப்பையில் சுமந்துகொண்டு முதல் ஊசிக்கு வந்துவிடுகிறீர்கள். பழைய நாய்க்கு வைத்த அதே பெயர். எடை மேடையில் அது உட்காராமல் உருளும்போது எல்லாரும் சிரிக்கிறீர்கள், அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தக் குட்டியின் முதல் பிறந்தநாள் முடிந்த வாரத்தில், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எந்த நோயும் இல்லாமல், ஊசி போடும் நாளாகவும் இல்லாமல், அதைக் கூட்டிவாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் அரை மணி நேரம் ஒதுக்கி வைக்கிறேன். ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும், காலையில் சாப்பாடு வைக்க வேண்டாம்; தண்ணீர் கொடுக்கலாம். வாசல் செடியோரம் அது காலைத் தூக்கும்போது ஒரு சுத்தமான டப்பாவை நீட்டிக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியவர்களுக்கு இது ஒன்றும் சிரமமாக இருக்காது.